புள்ளிக்கு முன்னால் ஒரு சாய்கோடு

எழிலுக்கு ஆகாத மனிதர்கள் இரண்டு வகை. கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் ஒரு வகை, தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இன்னொரு வகை. சிவகாசியில் லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் அச்சகத்தில் முதல் வகைக்குப் பஞ்சமே இல்லை. இரண்டாவது வகை 2007ஆம் வருஷம் ஆனி மாதத்தில் பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கியது.

அதன் பெயர் ஹரிஷ்குமார். அண்ணாச்சியின் தங்கை மகன். பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, "அங்க குரோத் இல்ல மாமா" என்று திரும்பி வந்திருந்தான். குரோத் இல்லாமல் போனது கம்பெனிக்கா இவனுக்கா என்பதை எழில் அவன் முகத்தைப் பார்த்ததுமே தீர்மானித்துவிட்டாள். வந்த அன்றைக்கே செருப்புக் காலோடு சர்வர் அறைக்குள் நுழைந்தான். அந்த அச்சகத்திலேயே ஏசி உள்ள ஒரே அறை அது. அண்ணாச்சியே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்.

"இதுதான் சர்வரா?" என்று கேட்டுச் சிரித்தான். "எங்க கம்பெனியில இத டஸ்ட்பின் பக்கத்துல வச்சிருப்பாங்க."

சிரித்த வாயில் சோழி மாதிரிப் பல் இருக்கிறது, அதற்குமேல் தலைக்குள் ஒன்றும் இல்லை என்று எழில் மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அங்கே நாலு வருஷ வேலை. விருதுநகரில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்தவள். பட்டாசு லேபிள், நகைக்கடை காலண்டர், தினசரி கிழிக்கிற காலண்டர் என்று அந்த அச்சகத்தில் போகிற எந்த வேலையும் முதலில் அவள் பார்த்துக்கொள்ளும் சர்வருக்குள்தான் வந்து உட்காரும். டிசைன் போடுகிற ஆபரேட்டர்களை அவள் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ரோஜா என்ற பெண், கஸ்டமர் ஒரு திருத்தம் சொன்னால் பழைய ஃபைலின் வாலில் .old என்று ஒட்டிவிட்டுப் புதிதாக ஒன்று போடுவாள். தப்பித் தவறிப் பழசு அச்சுப் பிளேட்டுக்குப் போய்விடக் கூடாதாம். நல்ல யோசனைதான், ஆனால் ஒரு பழசையும் அழிக்க மாட்டாள். சீனியர் ஆபரேட்டர் ஊர்க்காவலன் இன்னும் ஒரு படி மேல். அவருக்கு ஃபோல்டருக்குப் பெயர் வைக்கவே தெரியாது. கம்ப்யூட்டர் தானாக வைக்கிற நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் ரெண்டு, நியூ ஃபோல்டர் மூணு என்று போய்க்கொண்டே இருக்கும். எதற்குள் எது இருக்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியும். எழில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தாத குறையாகத் திரும்பி வந்தாள். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு சட்டம் மட்டும் போட்டிருந்தாள். யாரும் தங்கள் மெஷினில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் சர்வரில்தான் இருக்க வேண்டும். ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் அவளே உட்கார்ந்து அழித்தாள்.

ஹரிஷ்குமார் வந்ததும் அண்ணாச்சி இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். ஆடிப் பதினெட்டுக்குப் பூசை போட்டு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட்டாயிற்றென்றால் சீசன் பிடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் மூச்சுவிட நேரம் இராது.

"சீசன் முடியவும் கம்ப்யூட்டர் செக்ஷனுக்கு ஒரு இன்சார்ஜ் போடப்போறேன். ஒரு ஆளுதான். ரெண்டு பேர்ல யாருன்னு அதுக்குள்ள நானே பாத்துக்கிடுதேன்."

எழிலுக்கு அந்த நாற்காலி வேண்டும். அதற்குக் காரணம் அவள் அம்மா அய்யம்மாள். சாத்தூர் ரோட்டோரம் அவர்கள் ஊருக்குள் விடியும் முன் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஹார்ன் அடிக்கும். அய்யம்மாள் தூக்குவாளியோடு ஏறிப்போவாள். சாயங்காலம் கையிலும் வகிட்டிலும் அலுமினியப் பவுடர் மினுங்க இறங்குவாள். எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் எழில் அச்சகத்தில் உட்கார்ந்தபடியே எந்தத் திசை என்று காதைத் தீட்டுவாள். இன்சார்ஜ் ஆகிவிட்டால் சம்பளம் கூடும், அம்மாவை அந்த வேனிலிருந்து இறக்கிவிடலாம். அவள் மனசார ஆசைப்பட்ட ஒரே விஷயம் அதுதான். அதற்குக் குறுக்கே இந்தச் சோழிப்பல்.

முதல் மோதல் பேக்கப்பில் வந்தது. சர்வரில் உள்ளதை ராத்திரிதோறும் தானாக இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்க ஹரிஷ்குமார் புது சாஃப்ட்வேர் ஒன்று கொண்டுவந்தான். நகல் டிஸ்க் சின்னது. சர்வரிலோ ஆபரேட்டர்கள் ஏற்றி வைத்த சினிமாப் பாட்டும், அரைகுறை டெம்ப் ஃபைலும், ரோஜாவின் .old குப்பையும் மலையாகக் கிடந்தன. எதையெல்லாம் நகல் எடுக்காமல் ஒதுக்க வேண்டும் என்று அந்த சாஃப்ட்வேருக்குச் சொல்ல வேண்டும். சொல்ல இரண்டு வழி இருந்தது. ஒன்று வைல்டு கார்டு, இன்னொன்று ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரீஜெக்ஸ். ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"வைல்டு கார்டு போதும் மொதலாளி," என்றாள் எழில். "நட்சத்திரம் போட்டா எது வேணாலும் இருக்கலாம்னு அர்த்தம். *.old-ன்னு எளுதுனா, வாலுல .old இருக்கிற ஃபைல மட்டும் விட்டுரும். *.mp3-ன்னா பாட்ட விட்டுரும். ஒரு வரிக்கு ஒண்ணு. அம்புட்டுதான்."

ஹரிஷ்குமார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கொட்டாவி விட்டான். "மாமா, நட்சத்திரம் போடுறதெல்லாம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஆளுங்க பண்றது. ரீஜெக்ஸ்ல ஒரே வரி. எல்லாம் முடிஞ்சிரும்." சொல்லிவிட்டுக் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, பியானோ வாசிக்கிறவன் தோரணையில் அடித்தான்.

(.tmp|.bak|.old|.mp3)

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் பிள்ள எளுதினது எனக்கே புரியுதே," என்றார். "எனக்குப் புரியிற வேலைக்கு எதுக்குத் தனியா ஒரு ஆளு? இவன் எளுதினதுதான் படிச்ச எளுத்தா தெரியுது. அதயே போடு."

எழிலுக்கு உச்சந்தலை சுட்டது. ஒரு மனிதர் தனக்குப் புரியவில்லை என்பதையே தகுதிச் சான்றாக எடுத்துக்கொண்டால் அவரிடம் என்ன பேசுவது? இவர் முப்பது வருஷமாக அச்சகம் நடத்துகிறார் என்றால் அது மெஷின் நல்ல மெஷின் என்பதால்தான் இருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்த வரியை அவள் சரியாகப் பார்த்தாள். ரீஜெக்ஸில் புள்ளி என்பது புள்ளி அல்ல. புள்ளி போட்டால் அந்த இடத்தில் ஏதோ ஓர் எழுத்து, எதுவாக இருந்தாலும் சரி, என்று அர்த்தம். உண்மையான புள்ளிதான் வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு சாய்கோடு போட வேண்டும். கடைசியில் ஒரு டாலர் குறி போட்டு, வாலில் மட்டும் பார் என்றும் சொல்ல வேண்டும். இவன் இரண்டையும் போடவில்லை. ஃபோல்டர் பெயரோ ஃபைல் பெயரோ, எந்த இடத்திலாவது ஓர் எழுத்தும் அதையொட்டி o, l, d என்ற மூன்றும் வந்தால் போதும், சாஃப்ட்வேர் அதைக் குப்பை என்று ஒதுக்கிவிடும். g, o, l, d. நகைக்கடை காலண்டர்களுக்குத் தங்க ஃபாயில் ஒட்டுவதால் அந்த வேலைகள் எல்லாம் gold என்ற ஃபோல்டரில் இருந்தன. அச்சகத்தின் ஆகப் பெரிய ஆர்டர்கள் அவை.

அவள் வாயைத் திறந்தாள். "இதுல வந்து..."

"எழில், இது உங்களுக்குப் புரியாது," என்றான் ஹரிஷ்குமார், திரும்பிக்கூடப் பார்க்காமல். "நீங்க போய் சிடிக்கு ஸ்டிக்கர் ஒட்டுங்க."

அண்ணாச்சி சிரித்தார். சத்தமாகக்கூட இல்லை, மூக்கால்.

எழில் வாயை மூடிக்கொண்டாள். போகட்டும். மூடன் கிணற்றங்கரையில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறான், நடக்கட்டும். விழுகிற அன்றைக்குத் தெரியும் யார் ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் என்று. அப்படி நினைத்ததும் அவளுக்கு ஒரு குளிர்ச்சி வந்தது, ஏசியால் வந்ததல்ல.

அன்று சாயங்காலம் அய்யம்மாள் வேனிலிருந்து இறங்கி வந்து, முற்றத்துத் தொட்டியில் கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க கம்பெனி சின்னத்தாய இன்னிக்கு வேலைய விட்டு நிறுத்திட்டாக."

"ஏன், என்ன செஞ்சா?"

"அவ ஒண்ணும் செய்யல. பக்கத்து ரூம்பு வீரலட்சுமி வெடி மருந்தச் சிந்திட்டா. இவ பாத்திருக்கா. பாத்துட்டுச் சொல்லாம இருந்துட்டா. ரெண்டு பேருக்கும் முந்தியே ஆகாதுல்ல."

"சிந்துனவள?"

"அவள ஏசிட்டு விட்டுட்டாக."

"கிறுக்குக் கம்பெனி," என்றாள் எழில். அம்மா முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். எழிலும் அதை அத்தோடு மறந்துபோனாள். அவள் தலைக்குள் வேறு கணக்கு ஓடியது.

அந்தக் கணக்கு இதுதான். சனிக்கிழமைதோறும் gold ஃபோல்டரை மட்டும் தனியாக டிவிடியில் ஏற்றிக்கொள்வாள். உறையில் ஒன்றும் எழுத மாட்டாள். தன் மேஜை டிராயரில், இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்குக் கீழே வைத்துப் பூட்டுவாள். என்றைக்காவது சர்வர் படுக்கும். சிவகாசி கரண்டுக்கு அது படுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அன்றைக்கு ஹரிஷ்குமார் விழிப்பான், இவள் டிராயரைத் திறப்பாள்.

ஆடிப் பதினெட்டு வந்தது. பூசை, பொங்கல், ஆல்பம் எல்லாம் ஆயிற்று. பேக்கப் சாஃப்ட்வேர் தினமும் காலையில் ஒரு பச்சை டிக் காட்டும். ஹரிஷ்குமார் அதை அண்ணாச்சிக்குக் கூப்பிட்டுக் காட்டுவான். ஒதுக்கச் சொன்னதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை நகல் எடுத்தால் சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை எல்லாம் சுபம்தான். அந்தப் பச்சை டிக்கைப் பார்க்கும்போதெல்லாம் எழிலுக்குச் சிரிப்பு வரும். அதைப் பார்த்துப் பூரிக்கிற இரண்டு முகங்களையும் பார்த்தால் இன்னும் வரும். கோயில் மாடு தலையாட்டுவதைப் பார்த்து நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நம்புகிறவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

புரட்டாசி பிறந்த வாரம், மத்தியானம் இடி இடித்தது. கரண்டு போனது, ஜெனரேட்டர் எடுத்தது, உடனே கரண்டு வந்தது, மறுபடி போனது. சர்வர் ஒரு தடவை கரகரவென்று முனகிவிட்டு அடங்கிப்போனது. டிஸ்க் எரிந்துவிட்டது.

ஆபரேட்டர்கள் எழுந்து வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். அண்ணாச்சி செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்தார்.

"பேக்கப் இருக்கு மாமா," என்றான் ஹரிஷ்குமார். "டென்ஷனே வேணாம்." புது டிஸ்க்கை மாட்டினான், நகலிலிருந்து எல்லாவற்றையும் திருப்பி ஏற்றினான். நீலக் கோடு நகர்ந்துகொண்டே போய் முடிந்தது. பட்டாசு லேபிள்கள் வந்திருந்தன. பில் புத்தக வேலைகள் வந்திருந்தன. ரோஜா கதவைத் திறந்து தலையை நீட்டி, "கோல்டு எங்க?" என்று கேட்டாள்.

ஹரிஷ்குமார் தேடினான். மறுபடியும் ஏற்றினான். மறுபடியும் தேடினான். ஏசி அறைக்குள் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழில் நாற்காலியில் சாய்ந்து அதைப் பார்த்தாள். அவசரமே படவில்லை. இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே ருசி பார்த்துச் சாப்பிடுகிறவள் மாதிரி இருந்தாள். அண்ணாச்சியின் முகம் வெளிறியது. "நகக்கடைக்காரன் எல்லாம் என்னக் கொன்னுருவான்லே," என்று மருமகனைப் பார்த்து முனகினார்.

எழில் எழுந்தாள். டிராயரைத் திறந்து டிவிடிகளை எடுத்துக்கொண்டு வந்து அண்ணாச்சியின் கையிலேயே கொடுத்தாள்.

"கோல்டு முச்சூடும் இதுல இருக்கு மொதலாளி. போன சனிக்கிளம வரைக்கும்."

"எப்படிம்மா?"

"இது நடக்கும்னு எனக்கு மொத நாளே தெரியும்." அவள் ஹரிஷ்குமாரின் வரியைத் திரையில் வரவழைத்தாள். புள்ளி என்றால் என்ன, சாய்கோடு என்றால் என்ன, gold எப்படி மாட்டியது என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். ஹரிஷ்குமாரைப் பார்த்து, "நீங்க பெரிய கம்பெனியில இருந்தவுக. இது தெரியாம எப்படி எளுதுனீக? நான் ஸ்டிக்கர் ஒட்டுறவ, எனக்கே பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சு," என்றாள்.

அவன் வாய் திறந்தபடி நின்றான். சோழிப்பல் அத்தனையும் தெரிந்தது. அண்ணாச்சி டிவிடிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழிலைப் பார்த்தார், முதல்முறையாக ஒரு ஆளைப் பார்க்கிற பார்வை. அம்மா இனி வேனில் ஏற வேண்டியதில்லை என்று எழில் அந்தக் கணத்தில் நிச்சயமாக நம்பினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஊர்க்காவலன் வந்தார்.

"எளிலு, என் நியூ ஃபோல்டரு ஒண்ணயும் காணமே. தினசரித் தாளு அம்புட்டும் அதுலதானே இருக்கு."

"எல்லாம் ஏத்தியாச்சு. ஒளுங்கா பாருங்க," என்றாள் எழில் எரிச்சலோடு. அப்புறம் அவளே பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. திரையில் அந்த வரி இன்னும் நின்றிருந்தது. அவள் .old என்பதைப் பார்த்தாள். New Folder என்ற பெயரை மனசுக்குள் எழுத்துக் கூட்டினாள். f, o, l, d. எழுத்து ஒன்று, அதையொட்டி o, l, d.

தினசரிக் காலண்டருக்கு ஒரு வருஷத்துத் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் நல்ல நேரம், ராகு காலம், திதி, நட்சத்திரம் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பார்த்து அடித்து, ஜோசியரைக் கொண்டு பிழை திருத்தியது. முதல் ஆறு மாதம் அச்சாகிவிட்டது. ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்கும் ஊர்க்காவலனின் நியூ ஃபோல்டர்களில் மட்டும் இருந்தது. தன் மெஷினில் அவர் வைத்திருந்த நகலை எழில்தான் அழித்தாள்.

"இந்த சிடியில அது இருக்கா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"இல்ல மொதலாளி."

"ஏன்?"

"அது... எனக்குத் தோணல."

"கோல்டு தோணிச்சு."

அண்ணாச்சி டிவிடிகளை மேஜையில் வைத்தார். அவர் குரல் உயரவே இல்லை.

"இவன் மூடன். மூடன்னு தெரிஞ்சுதான் வச்சிருக்கேன். தங்கச்சி மகன், தள்ள முடியாது. நீ அப்படி இல்ல. மொத நாளே ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு மாசமா வாரா வாரம் உக்காந்து இத ஏத்தியிருக்க. ஒரு வாய் சொல்லியிருந்தா ஊர்க்காவலனக் கூப்பிட்டு நீ எதுல வச்சிருக்கன்னு கேட்டிருப்போம்."

"நான் சொன்னா நீங்க கேட்டிருப்பீகளா மொதலாளி? அன்னிக்கே என் பேச்ச எடுக்கலியே. சிரிச்சீகளே!"

"கேட்டிருக்க மாட்டேன்," என்றார் அண்ணாச்சி. "ஆனா நீ சொல்லியிருந்தா, இன்னிக்கு ஒன்ன நிறுத்த எனக்கு வாய் வருமா? கணக்கப்பிள்ளையப் பாத்துட்டுப் போ."

ஹரிஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான். அது வருத்தமா, சிரிப்பை மறைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்த அறையில் அவன்தான் இருக்கப்போகிறான்.

கைப்பையை எடுத்துக்கொண்டு ஆபரேட்டர்கள் பக்கமாக வெளியே நடந்தாள். ரோஜா பஞ்சாங்கத்தை ஜூலை மாதத்தில் பிரித்து வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்திருந்தாள். ஊர்க்காவலன் எழிலைத் திட்டவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முதல் தாளை அடிக்கத் திறந்திருந்தார். அவர் திரையில் புதிதாக ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்கும் அவர் பெயர் வைக்கவில்லை.

எழில் வீட்டுக்கு வந்தபோது வெயில் இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேன் வந்தது. அய்யம்மாள் இறங்கி வந்து, தூக்குவாளியை வைத்துவிட்டு, மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னம்மா, வெள்ளனவே வந்துட்ட?"

"வேலைய விட்டு நிறுத்திட்டாக."

அய்யம்மாள் அப்படியே உட்கார்ந்தாள். "நீ என்ன செஞ்ச?"

"நான் ஒண்ணும் செய்யலம்மா. அந்த ஹரிஷ்குமாருதான் தப்பா எளுதுனான். எல்லாம் போச்சு. அவன ஒண்ணும் சொல்லல, என்னப் போயி..."

அய்யம்மாள் கையைத் தொட்டியில் நனைத்தாள். பவுடர் தண்ணீரில் வெள்ளியாகப் பரவியது. தேய்க்காமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் எளுதும்போது நீ பாத்தியா?"

எழில் தூக்குவாளியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். அய்யம்மாள் மறுபடியும் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் வேனுக்குச் சோறு கட்ட அரிசியை அளந்துவைக்க உள்ளே போனாள்.